கைப்பையில் அடங்கிய கேமரா

2016 ஆடியில் குகை வண்டி வேடிக்கையைப் படம் எடுக்க வேண்டும் என்றுதான் என் முதல் கேமராவை வாங்கினேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆடி மாரியம்மன் திருவிழாவை ஒட்டி, சேலத்தில் குகை என்ற பகுதியில் அலங்கார வண்டிகள் வரிசையாக வரும். வண்டி மேல் பக்கத்துத் தெரு ஆட்களே சிவனாக, பார்வதியாக, நரசிம்மராக வேடம் கட்டி நிற்பார்கள். இருட்டு, சீரியல் பல்பு, மேளம், தெரு கொள்ளாத கூட்டம். "ஐம்பது மடங்கு ஜூம் மேடம், நிலாவுல இருக்கற பள்ளம்கூடத் தெரியும்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தோழி வீட்டு மொட்டை மாடியில் இடம் பிடித்தேன்.

நரசிம்மர் வந்தார். ஜூமை முழுக்க இழுத்தேன். எடுத்த நாற்பது படத்தில் ஒன்றில்கூட முகம் இல்லை. சாயத் துணியைத் தண்ணீரில் அலசியதுபோல் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். அன்று ராத்திரி அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதம் சேர்த்து வைத்த பணம் அது.

என்ன நடந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது. அந்த வகைக் கேமராவுக்குள் இருக்கும் சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்கிற சில்லு, 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். கொலுசில் கோக்கிற ஒரு சலங்கையின் அளவுதான் இருக்கும். வெளிச்சம் பிடிக்கிற இடமே அவ்வளவுதான். அதோடு, ஜூமை முழுக்க இழுத்தால் லென்ஸின் திறப்பு எஃப் 6.5 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சின்னதாகும்). எஃப் 1.8 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் அது பதின்மூன்றில் ஒரு பங்கு. அதன் உச்ச ஜூமான 1200 மி.மீ. வரை இழுத்துவிட்டுக் கையில் பிடித்தால் மூச்சு விடுவதுகூடப் படத்தில் ஆட்டமாக விழும். பகலில் கொக்கையும் மைனாவையும் எடுக்க அது நல்ல கேமரா. ராத்திரி குகைத் தெருவுக்கு அது ஆகாது. கடையில் யாரும் என்னிடம் "எங்கே, எந்த நேரத்தில், யாரை எடுக்கப் போறீங்க?" என்று கேட்கவில்லை. எனக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடம் அதையே வைத்திருந்தேன். நான் அம்மாபேட்டையில் குடியிருக்கிறேன், ஆசிரியை. விடியற்காலை நடைக்குக் கேமராவோடு போவேன். ஒருநாள் என் அண்ணன் மகள், கல்லூரி மாணவி, என் படங்களை எல்லாம் கணினியில் போட்டு ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எந்த ஃபோகல் லெங்த்தில் (ஜூம் நின்ற மி.மீ. அளவு), எந்த ஷட்டர் வேகத்தில் (வெளிச்சம் உள்ளே விழுந்த நேரம்), எந்த ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிந்திருக்கும். அதைப் பிரித்து அடுக்கினாள். "அத்தே, இங்க பாருங்க. ரெண்டாயிரத்துச் சொச்சம் படம் இருக்கு. அஞ்சுல நாலு பங்கு ஜூமை அதிகம் இழுக்காம, 24 மி.மீ.க்கும் 50-க்கும் நடுவுலதான் எடுத்திருக்கீங்க. அந்த ஐம்பது மடங்கு ஜூமைத் தொட்டதே அபூர்வம்" என்றாள்.

கேமரா வாங்க நினைக்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். யாரிடமும் யோசனை கேட்பதற்கு முன்னால் உங்கள் பழைய படங்களை எண்ணிப் பாருங்கள். போனில் எடுத்தவையாக இருந்தாலும் போதும். போனிலும் அந்த விவரம் பதிந்திருக்கும், அகலமான லென்ஸா, இரண்டு மடங்கா, மூன்று மடங்கா என்று தெரியும். எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என் படங்களில் பாதிக்கு மேல் காலை ஏழு மணிக்கு முன்னாலும் மாலை ஆறு மணிக்குப் பின்னாலும் எடுத்தவை. நான் மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று, குறைந்த வெளிச்சத்தில் எடுக்கிறவள். அந்த உண்மையை வைத்துக்கொண்டு தேடியிருந்தால் முதல் தடவையே சரியாக வாங்கியிருப்பேன்.

நடுவில் ஒரு கோடை விடுமுறை முழுக்க, பள்ளியில் உடன் வேலை செய்யும் ஒருவரிடம் லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய டிஎஸ்எல்ஆர் கேமரா இரவல் வாங்கி நடந்து பார்த்தேன். படத்தின் தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தெரு மாறிவிட்டது. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவர் கேமராவைப் பார்த்ததும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வ.உ.சி. பூ மார்க்கெட்டில் சாமந்தியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, "ஏங்கண்ணு, டிவிக்காரங்களா? கடையக் காலி பண்ணச் சொல்லப் போறாங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த பயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேமராவை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகவே இல்லை. பெரிய கேமரா என்றால் நம் ஊரில் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் செய்தி. வேறு எதற்கும் அதைக் கண்டு பழக்கமில்லை. அதோடு, லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ எடையைத் தோளில் போட்டுக்கொண்டு, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற பெண்ணுக்கு அது வலிதான்.

அதனால் சின்னதுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். எவ்வளவு சின்னது? மதிய உணவு டப்பாவும் குடையும் இருக்கிற என் கைப்பையில் தனியாக இடம் கேட்காமல் உட்கார வேண்டும். ஒரு கையால் எடுத்து, மூன்று விநாடிக்குள் முதல் படம் எடுக்க முடிய வேண்டும்.

போன் போதாதா என்று கேட்பார்கள். நிறைய பேருக்குப் போதும், இதை மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன். நேர் எதிர் வெயிலில் வானமும் முகமும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்றால் இன்றைய போன் பல படங்களை அடுக்கிச் சேர்த்து, சின்னக் கேமராவைவிட நன்றாகவே எடுத்துக் கொடுக்கிறது. நான் தனிக் கேமராவுக்குப் போன காரணங்கள் வேறு. போன் நான் கேட்காமலே முகத்தை வழவழப்பாக்கி வெளுக்க வைக்கிறது. நம் ஊர் நிறத்தை அது மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஷட்டர் வேகத்தை நான் வைத்த இடத்தில் அது நிறுத்துவதில்லை. ஈரக் கையோடு தொடுதிரையை அழுத்துவது பெரும்பாடு. அதோடு போனைக் கையில் எடுத்தால் பள்ளி வாட்ஸ்அப் குழுவும் கூடவே வந்துவிடும். விடியற்காலையில் அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தனியாக வேண்டும்.

சின்னக் கேமராக்களில் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஒரு அங்குல சென்சார் வைத்த கையடக்கக் கேமராக்கள். "ஒரு அங்குலம்" என்ற பெயரை நம்பி ஏமாறக் கூடாது, பழைய வீடியோ கேமராக் குழாய்களின் கணக்கிலிருந்து வந்த பெயர் அது. உண்மை அளவு 13.2-க்கு 8.8 மி.மீ. ஆனாலும் என் பழைய கேமராவைவிடப் பரப்பில் நான்கு மடங்கு. 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 இந்த வகையைப் பிரபலமாக்கியது. கேனன் ஜி7எக்ஸ் வரிசையும் இதே வகை. இரண்டாவது, ஜூமே இல்லாத ஒற்றை லென்ஸ் கேமராக்கள். ரிக்கோ ஜிஆர், ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசைகள். இவற்றில் ஏபிஎஸ்-சி சென்சார், 23.5-க்கு 15.6 மி.மீ., என் பழையதைவிடப் பதின்மூன்று மடங்கு. மூன்றாவது, லென்ஸ் மாற்றக்கூடிய, டிஎஸ்எல்ஆர்போல் உள்ளே கண்ணாடி இல்லாத சின்ன மிரர்லெஸ் உடலில் தட்டையான பான்கேக் லென்ஸ் ஒன்றைப் போட்டு, அதைக் கழற்றாமலே வைத்துக்கொள்வது.

மனசு ரிக்கோ பக்கம்தான் போனது. 2019-இல் வந்த ஜிஆர் 3 பேட்டரியோடு சேர்த்து 257 கிராம். தெருவில் நடக்கிறவர்களுக்கென்றே யோசித்துச் செய்தது. அதில் "ஸ்னாப் ஃபோகஸ்" என்று ஒன்று உண்டு. தூரத்தை இரண்டு மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால், பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தும்போது கேமரா ஃபோகஸ் தேடாமல் உடனே படம் எடுத்துவிடும். எஃப் 8-இல் வைத்தால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். ஆனால் அதன் விலை என் பட்ஜெட்டைப்போல் பல மடங்கு. கையில் இருந்தது பதினெட்டாயிரம் ரூபாய். ஆகவே முதல் வகையில், பழையது ஒன்றைத் தேடினேன்.

பழைய கேமரா வாங்குவதில் நான் அதற்கு முன்பே ஒருமுறை ஏமாந்திருந்தேன். பெயர் வேண்டாம். செயலி வழியாகப் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, விற்பவர் அவசரப்படுத்தியதால் இரண்டே படம் எடுத்துப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வானத்தை எடுத்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி. லென்ஸுக்குள் மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் சிலந்தி நூல்போல் பூஞ்சை. லென்ஸ் கழற்ற முடியாத கேமராவுக்குள் தூசி போனால் நாம் துடைக்க முடியாது. முழுக்கப் பிரிக்க வேண்டும், அந்தக் கூலி சில நேரம் கேமரா விலையையே எட்டிவிடும். ஆறாயிரம் ரூபாய் போயிற்று.

அதிலிருந்து எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். விற்பவரை டீக்கடையில் சந்திப்பேன், அரை மணி நேரம் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவேன். சம்மதிக்காதவரிடம் வாங்குவதில்லை. என் மெமரி கார்டு, அன்றைய செய்தித்தாள், ஒரு வெள்ளைத் தாள் மூன்றையும் எடுத்துப் போவேன். முதலில் கேமராவைப் பத்து முறை அணைத்து அணைத்துப் போட்டு, லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்பேன். மணல் அரைபடுவதுபோல் சத்தமோ, நடுவில் ஒரு தயக்கமோ இருந்தால் வேண்டாம். பிறகு திறப்பை இருப்பதிலேயே சின்னதாக வைத்து வெள்ளைத் தாளை நிரப்பி எடுப்பேன். தூசி இருந்தால் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். செய்தித்தாளைச் சுவரில் பிடிக்கச் சொல்லி நேராக நின்று எடுத்து, நான்கு மூலையிலும் எழுத்து ஒரேபோல் படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். லென்ஸைக் கையால் மூடி, ஐஎஸ்ஓவை ஏற்றி, ஒரு விநாடி ஷட்டரில் இருட்டுப் படம் ஒன்று எடுப்பேன். அதில் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் நிறைய இருந்தால் ராத்திரி வேலைக்கு ஆகாது. பேட்டரியைத் தட்டையான மேசையில் வைத்துச் சுழற்றினால் சுழலக் கூடாது. சுழன்றால் உப்பியிருக்கிறது. ட்ரைபாட் மாட்டும் திருகுத் துளையில் துரு இருந்தால் கேமரா ஈரத்தில் கிடந்திருக்கிறது. கடைசியாக, படத்தின் கோப்பு எண்ணைப் பார்த்து "கொஞ்சம்தான் எடுத்தேன்" என்பதை நம்பாதீர்கள். 9999 தாண்டினால் அது திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து மூன்றாவது ஆளிடம், 2019 மார்ச்சில், ஆர்எக்ஸ்100-இன் முதல் தலைமுறைக் கேமராவைப் பதினான்காயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். வெளிவந்து ஏழு வருடம் ஆன மாடல். 20 மெகாபிக்சல், 240 கிராம். மீதிப் பணத்தில் கூடுதல் பேட்டரி ஒன்று, கார்டு ஒன்று, மணிக்கட்டில் மாட்டும் வார் ஒன்று. கழுத்து வாரை எடுத்துப் போட்டுவிட்டேன். கழுத்தில் தொங்கினால் கேமரா தெரியும், மணிக்கட்டில் இருந்தால் கைக்குள் மறைந்துவிடும். உடம்பு வழவழப்பான அலுமினியம், வேர்வைக் கையில் நழுவும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி முன்பக்கம் இரட்டை ஒட்டு டேப்பால் ஒட்டினேன். இன்றுவரை அது விலகவில்லை.

இந்தக் கேமராவைப் பற்றி வாங்குமுன் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. பெட்டியில் எஃப் 1.8 என்று போட்டிருக்கும். அது அகலமான 28 மி.மீ. முனையில் மட்டும். ஜூமை 100 வரை இழுத்தால் எஃப் 4.9 ஆகிவிடும், வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகக் குறையும். சின்ன ஜூம் கேமரா எதை வாங்கினாலும் இரண்டு முனையின் எண்ணையும் கேளுங்கள். ராத்திரியில் நான் ஜூம் என்ற ஒன்றே இல்லை என்று நினைத்துக்கொள்வேன். நெருங்கி வேண்டும் என்றால் நடந்து போவேன். இன்னொன்று, இதில் கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் கிடையாது. சேலத்து மத்தியான வெயிலில் திரை கண்ணாடிபோல் நம் முகத்தைத்தான் காட்டும். பணம் கூட இருந்தால் 2014-இல் வந்த மூன்றாம் தலைமுறையைப் பாருங்கள். அதில் மேலே எழும்பும் வ்யூஃபைண்டர் உண்டு, ஜூம் 70 வரைதான், ஆனால் அந்த முனையிலும் எஃப் 2.8 நிற்கும்.

எங்கள் பகுதியில் நெசவாளர் தெருக்கள் உண்டு. பாவு, அதாவது நெசவுக்கான நீள இழைகள், ஓடுகிற திடலைப் பாவடி என்பார்கள், அந்தப் பெயரில் பள்ளிக்கூடங்கள்கூட இங்கே உண்டு. விடியற்காலையில் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பிரித்துச் சீர் செய்வார்கள். முன்னைப்போல் தினமும் இல்லை, ஆனாலும் சில தெருக்களில் பார்க்கலாம். பெரிய ஜூமில் தூரத்திலிருந்து எடுத்தபோது அது ஒரு கலர்ப் பட்டைபோல் தட்டையாகத்தான் விழுந்தது. 28 மி.மீ.யில், பாவின் முனையில் இருப்பவருக்கு இரண்டு எட்டுத் தூரத்தில் குனிந்து நின்று எடுத்த முதல் நாள், ஒவ்வொரு இழையும் என் முகத்துக்கு முன்னாலிருந்து கிளம்பித் தெருக்கோடிக்கு ஓடியது. முன்னால் கஞ்சி பட்டுக் காய்ந்த கை, கடைசியில் புள்ளியாக ஒரு ஆள். தெருவின் நீளம் படத்தில் வந்தது. அந்தத் தூரத்தில் நிற்பதற்குப் பேசித்தான் ஆக வேண்டும். "எடுத்துக்கோங்க டீச்சரம்மா, நூல மிதிச்சிராதீங்க" என்றார் அந்தப் பெரியவர். நூலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம் என்று அன்று அவரிடம்தான் கற்றேன்.

நான் வைக்கும் அளவுகளைச் சொல்கிறேன், உங்களுக்குத் தேவையானால் எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கிறவர்களை எடுக்க ஷட்டர் முன்னுரிமையில் (ஷட்டர் வேகத்தை நாம் வைப்போம், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) 1/250 விநாடி, ஐஎஸ்ஓ ஆட்டோ. லென்ஸின் ஆட்டத் தடுப்பு நம் கை நடுக்கத்தை மட்டும்தான் நிறுத்தும், எதிரில் வருகிறவரின் கால் அசைவை நிறுத்தாது. இது புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கூட்டத்தில், கேமரா ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்க நேரமில்லாதபோது, கையால் ஃபோகஸை இரண்டரை மீட்டரில் வைத்து எஃப் 4-இல் எடுப்பேன். சின்ன சென்சாரில் ஒன்றேகால் மீட்டரிலிருந்து அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாம் போதுமான தெளிவோடு விழும். பெரிய சென்சார்க்காரர்கள் எஃப் 8 வரை போக வேண்டிய இடத்தில் நமக்கு எஃப் 4 போதும். சின்ன சென்சாருக்கு இப்படி ஒரு அனுகூலம் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

பூ மார்க்கெட்டில் விடியும் முன் எஃப் 1.8, 1/125, ஐஎஸ்ஓ 1600-க்கும் 3200-க்கும் நடுவில். மணல் மணலாக இருக்கும்தான். நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டால் கண்ணுக்கே தெரியாது. பல்பு வெளிச்சத்தில் சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், மல்லிகை வெறும் வெள்ளைச் சுண்ணாம்பாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி குறைக்க வேண்டும். வெள்ளிப் பட்டறையில் இதற்கு நேர் எதிர். சிவதாபுரத்தில் என் மாணவி ஒருத்தியின் அப்பா பட்டறை வைத்திருக்கிறார், அங்கே அனுமதி கேட்டுப் போனேன். மேசை நிறைய கொலுசு குவிந்து பளபளக்கும்போது கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துப் படத்தை மங்கலாக்கும், வெள்ளி ஈயமாகத் தெரியும். அங்கே முக்கால் படி கூட்ட வேண்டும். அங்கேயே இன்னொன்றும் கற்றேன். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாக, ஒன்று மங்கலாக வந்தது. கேமரா கெட்டுவிட்டது என்று பயந்துபோனேன். காரணம் ட்யூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு நூறு முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்ததும் எல்லாப் படமும் சமமாக வந்தது.

ஏற்காட்டுக்கு இந்தக் கேமராவோடு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஒன்றரை ஆயிரம் மீட்டர் உயரத்தில் இறங்கினால் வேறு காற்று. ஏப்ரலில் கீழே 38 டிகிரியில் வியர்த்துக்கொண்டு ஏறியிருப்போம், மேலே ஸ்வெட்டர் தேடுவோம். பனிக்காலத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறி நிற்கிற காப்பித் தோட்டச் சாலையில், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்தப் பனியைக் கேமராவின் கையில் விட்டால் அழுக்குச் சாம்பலாக்கிவிடும், இங்கேயும் ஒரு படி வரை கூட்ட வேண்டும். ஃபோகஸ் பனியில் பிடிக்காமல் தவிக்கும். மரத்தின் அடி, வேலிக் கம்பி என்று கறுப்பான ஒரு விளிம்பைக் காட்டிப் பிடிக்க வேண்டும். ஃப்ளாஷைத் தவறியும் போடக் கூடாது, பனித்துளி எல்லாம் வெள்ளைப் பந்துகளாகப் படம் முழுக்க நிற்கும்.

நீர்த்துளி படிவதைப் பற்றி நிறைய பேர் தலைகீழாக நினைக்கிறார்கள். சூட்டிலிருந்து குளிருக்குப் போகும்போது ஒன்றும் ஆகாது. குளிர்ந்த கேமராவைச் சூடான ஈரக் காற்றுக்குள் கொண்டு போகும்போதுதான் லென்ஸ் வேர்க்கும். பனியில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுக் கொதிக்கிற டீக்கடைக்குள் நுழைந்ததும் கேமராவை எடுத்தேன், லென்ஸ் முழுக்க ஆவி. துடைத்தேன், திரும்ப ஆவி. உள்ளே புகுமுன் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் ஈரம் உறைக்கு வெளியேதான் படியும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். நீலம் வெளிறி இளஞ்சிவப்பாகும் ரகம் வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். பூஞ்சை பிடித்த லென்ஸுக்கு ஒருமுறை பணம் கொடுத்தவள் நான், இதில் மட்டும் சோம்பல் படமாட்டேன்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். எனக்கு முழு சார்ஜில் இருநூறு, இருநூற்றைம்பது படம் வரும். இரண்டாவது பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வைப்பேன். இந்தக் கேமராவுக்குப் பழைய போன்களை சார்ஜ் செய்த மைக்ரோ யுஎஸ்பி வயரே போதும், பஸ்ஸில் பவர் பேங்கில் போட்டுக்கொண்டே இறங்கலாம். பயணத்துக்கு என்று வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். தனி சார்ஜர் மட்டுமே உள்ள பழைய கேமராக்களுக்கு அந்தச் சார்ஜர் தொலைந்தால் தேடி அலைய வேண்டும்.

ஆட்களை எடுப்பது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சின்னக் கேமரா என்பது ஒளிந்து எடுப்பதற்காக இல்லை. ஏற்காட்டு மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்ப் பக்கம் போகிறவர்கள் வேலியோரம் நின்று குழந்தைகளைக் கிளிக் செய்துவிட்டு வண்டியில் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வலித்தது. நான் முதலில் பேசுவேன், பிறகு கேட்பேன், வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வேன். எடுத்தவர்களுக்கு அடுத்த முறை பிரிண்ட் கொண்டுபோவேன். அந்தச் சாமந்திக் கடை அம்மாவுக்கும் கொடுத்தேன். அவர் அதைத் தராசுக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார், நனைந்து ஓரம் சுருண்டுவிட்டது. இன்னொன்று போட்டுத் தர வேண்டும்.

போன தீபாவளி போனஸில் அண்ணன் மகளும் கேமரா வாங்கக் கிளம்பினாள். இப்போது வேலைக்குப் போகிறாள். என்னுடையது போன்றதையே வாங்கிவிடலாம் என்றாள். "முதல்ல உன் போன எடு" என்றேன். உட்கார்ந்து எண்ணினோம். அவள் எடுத்தவற்றில் முக்கால்வாசி முகங்கள், அதுவும் இரண்டு மடங்கு லென்ஸில். அகலமான 28 அவளுக்கு ஒத்துவராது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற வகையில் பழைய மிரர்லெஸ் உடல் ஒன்றும் பானாசோனிக் 20 மி.மீ. எஃப் 1.7 பான்கேக் லென்ஸும் தேடிப் பிடித்தோம். அந்த உடலில் மாட்டினால் அந்த லென்ஸின் பார்வைக் கோணம் ஃபிலிம் கேமராக் கணக்கில் 40 மி.மீ. டீக்கடையில் செய்தித்தாளைச் சுவரில் பிடித்தது நான், பெரிதாக்கிப் பார்த்தது அவள். இரண்டு கேமராக்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவதை எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை இரண்டு பேரும் பாவு போட்டிருந்த தெருவுக்குப் போனோம். நான் வழக்கம்போல் பாவின் முனையில் குனிந்தேன். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைவிட இரண்டு எட்டுப் பின்னால் போய், எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து, இழை பிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவரோடு பேச ஆரம்பித்தாள். அவர் முகம் மட்டும் தெளிவாக, பாவு பின்னால் மஞ்சள் நீரோட்டமாகக் கலங்கி நிற்கிற ஒரு படம் எடுத்தாள். திரும்பி வரும்போது, "அத்தே, ஒரு பேட்டரி பத்தாது போலிருக்கு" என்றாள்.